ஆறாம் தேதித் தாள்

1877 ஆகஸ்டு 6, திங்கள். பாறைக்களம் ஸ்டேஷன்

குளித்து, வேட்டி மாற்றி, நகக்கண்ணில் இருந்த இரத்தத்தை ஈர்க்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிந்தாமணி வைத்த வரகுக் கஞ்சி ஆறிக் கிடக்கிறது. ஏழு மாதக்காரி, எனக்காகச் சாப்பிடாமல் இருக்கிறாள். முதலில் சாப்பிடு என்றால் காதில் வாங்குவதில்லை.

காலை ஒன்பது மணிக்கு அரிசி கூட்ஸ் வந்து நின்றது. பஞ்ச நிவாரண அரிசி, இருபத்திரண்டு பெட்டி. வேலிக்கு வெளியே முந்நூறு பேர் இருப்பார்கள். மூட்டை இறக்கும்போது சிந்துவதைப் பொறுக்க வருகிற கூட்டம். தோலைக் கழற்றி வைத்தால் எலும்பு தனியே நடந்து போகும் போலிருக்கிறது. அதில் சிலர் வேலியில் புகுந்து பெட்டிகளுக்கு அடியில் போய்விட்டார்கள்.

ஒன்பதே முக்காலுக்கு ஒரே கூச்சல். ஓடிப் போனேன். மூட்டை ஏற்ற வந்திருந்த மாட்டு வண்டிக்காரன் ஒருவன், மண்டை பிளந்த ஆளைத் தூக்கிக்கொண்டு விளக்கறைக்கு ஓடி வந்தான். அவன் வேட்டியெல்லாம் இரத்தம். அடிபட்டவனைக் கீழே போட்டதும் இன்ஸ்பெக்டர் க்ரீவ்ஸ் துரை என்னைப் பிடித்துத் தள்ளினார். செத்துப்போவதற்குள் வாக்குமூலம் வாங்கு என்றார்.

துரைக்குத் தமிழ் வராது. ஜனங்களுக்கு இங்கிலீஷ் வராது. நடுவில் ரயில்வே போலீஸ் ரைட்டராக நான். சென்னையில் படித்தவன். என் இங்கிலீஷில் துரைகளே திருத்தம் போட்டதில்லை.

பெயர் கேட்டேன். சடையன் என்றான். யார் அடித்தது என்றேன். "வண்டிக்காரன்" என்றான். மூச்சு வாங்கிவிட்டு, "வண்டிக்காரன் அடிச்சுப்போட்டானுங்க சாமி" என்றான். கையைத் தூக்கினான். தண்ணீர் கேட்கிறான் என்று பானையிலிருந்து மொண்டு ஊற்றினேன். கடைவாயில் வழிந்துவிட்டது. போய்விட்டான்.

நேராக இங்கிலீஷில் எழுதினேன். 'கார்ட்மேன்' என்று. துரை வாசித்துவிட்டு வாசலைப் பார்த்தார். யார்டில் இருந்தது ஒரே ஒரு மாட்டு வண்டி. அந்த வண்டிக்காரன், பெயர் செங்கோடன், இரத்த வேட்டியோடு வாசலிலேயே நின்றான். அவன் சத்தம் போட்டால் ஜனம் கிளம்பிவிடும் என்று அவன் தலைத்துணியையே அவன் வாயில் திணித்து இழுத்துப் போனார்கள். அப்படியும் ஜனம் கிளம்பியது. கல் விழுந்தது. கான்ஸ்டபிள்கள் லத்தியோடு இறங்கினார்கள். ஒரு பொம்பளையின் கை முழங்கையில் திரும்பித் தொங்கியதைப் பார்த்தேன்.

கூட்ஸ் பத்து மணிக்குக் கிளம்பிற்று. அதற்கு முன் அதன் கார்டு ஹார்ட்டன் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். இந்தச் சூட்டில் யாருக்குத்தான் கழுவத் தோன்றாது.

ஆகஸ்டு 7, செவ்வாய்

லாக்கப்பில் செங்கோடன் வாயிலிருந்து துணியை எடுத்தார்கள். எடுத்த வேகத்தில் ஒரு கத்து கத்தினான். கான்ஸ்டபிள் பக்கிரி லத்தியைத் திருப்பி, தாடையில் ஒன்று கொடுத்தான். ஒன்றேதான். மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. கீழ்த்தாடை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. பல் இரண்டு என் காலடியில் வந்து விழுந்தது.

பக்கிரி என்னைப் பார்த்து, "வாக்குமூலம் எழுதற வேலை மிச்சம் சார்" என்றான். மடையன்.

செங்கோடன் வண்டியின் பக்கவாட்டில் செருகியிருந்த முளைக்குச்சி ஒன்றில் இரத்தம் இருந்தது என்று பக்கிரி உருவிக்கொண்டு வந்தான். அதைக் கைப்பற்றி மகஜர் எழுதினோம். 'இதனால் அடித்தேன், இது என்னுடையது' என்பதற்குக் கைநாட்டு வேண்டும். செங்கோடன் பாதி மயக்கத்தில் இருந்தான். கை நழுவிக்கொண்டே இருந்தது. யாரோ மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்து, கைநாட்டு ஆயிற்று.

பேனாவின் முள் மழுங்கிவிட்டது. புதியது கேட்டு எழுத வேண்டும்.

ஆகஸ்டு 8, புதன்

பல்வலி. கிராம்பு வைத்தேன். குறையவில்லை.

ஆகஸ்டு 10, வெள்ளி

துரை முதுகில் தட்டிக் கொடுத்தார். இரண்டே நாளில் கொலையாளி, ஆயுதம், மரண வாக்குமூலம், எல்லாம் ஆயிற்று. மேலிடத்துக்கு என் பெயரையும் எழுதுகிறாராம். சிந்தாமணியிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். அவ்வளவுதான். இந்தப் பொம்பளைக்கு எதைச் சொன்னாலும் ஒரே சொல்.

காலராவில் விழுகிற பிணங்களுக்கே நேரம் போதவில்லை என்று டாக்டர் சடையனை இரண்டு நிமிஷம் பார்த்தார். 'கனத்த மரத்தால் அடி' என்று எழுதிப் போய்விட்டார். நான் திங்கட்கிழமையே பார்த்தேன். காதுக்கு மேலே நாலு மூலையும் தெளிவாக, முத்திரை குத்தினாற்போலச் சதுரக் குழி. முளைக்குச்சியோ உருண்டை. என் மணிக்கட்டுக் கனம் இருக்கும்.

எனக்கென்ன, நான் ரைட்டர். டாக்டர் இல்லை.

ஆகஸ்டு 14, செவ்வாய்

அதே கூட்ஸ், அதே கார்டு. ஹார்ட்டன் இங்கேயே பிறந்த சட்டைக்காரர், பாதி வெள்ளைக்காரர். அவர் தமிழ் பேசினால் கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம்.

பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து மண்ணோடு அரிசியை வழித்தது. ஹார்ட்டன் தம் பெட்டியிலிருந்து பிரேக் கட்டையோடு இறங்கினார். இறக்கத்தில் பெட்டிகளின் பிரேக்கை நெம்பி அழுத்துவதற்குக் கார்டுகள் வைத்திருக்கும் கட்டை அது. நாலு பட்டையாகச் செதுக்கி, முனையில் இரும்புப் பூண் போட்டிருக்கும். அந்தக் கையின் மேல் நிறுத்தி, பூட்ஸ் காலால் மேலிருந்து ஒரு மிதி மிதித்தார். விரல்கள் தனித்தனியாக நொறுங்கின. அடியிலிருந்து சத்தமே வரவில்லை. கத்துவதற்குக்கூடத் தெம்பு இல்லை போலிருக்கிறது.

"என்ன ரைட்டரே, இன்னிக்கு எழுத ஒண்ணும் இல்லியா?" என்றார் என்னிடம். சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை.

எல்லாக் கார்டுகளின் பிரேக் கட்டையும் எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருக்கும். அவர் கையில் இருந்தது வெள்ளை வெளேரென்று புதுக் கட்டை.

ஆகஸ்டு 18, சனி

சப் ஜெயிலுக்குப் போனேன், கடுதாசி வேலையாக. செங்கோடன் கம்பியருகே வந்தான். முகம் பூசணிக்காய் அளவு வீங்கியிருந்தது. தாடையில் சீழ். என்னைப் பார்த்து, "ம்மா… ஆன்… ம்மா… ஆன்" என்றான். திரும்பத் திரும்ப அதையேதான். பக்கிரி விழுந்து விழுந்து சிரித்தான். "மாட்டைக் கேக்கறான் சார். ம்மாங்கறான் பாருங்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். மாடுகளை யாரோ அறுத்துத் தின்றுவிட்டார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை.

ஆகஸ்டு 19, ஞாயிறு

சிந்தாமணிக்குக் கால் வீக்கம். நாள் முழுக்க அந்த 'ம்மா ஆன்' காதிலேயே இருக்கிறது.

ஆகஸ்டு 22, புதன்

செத்தவனின் சம்சாரத்தைச் செஷன்ஸ் கோர்ட்டில் ஒரு சாட்சியாகப் போட்டிருக்கிறார் துரை. சம்மன் கொடுக்கச் சடையனின் ஊருக்கு நானே போனேன். ஊரில் பாதி வீடு திறந்து கிடக்கிறது, ஆள் இல்லை. நாய்கள் மட்டும் கொழுத்திருக்கின்றன. எதைத் தின்று என்று எழுத வேண்டாம்.

சடையனின் சம்சாரம் பாவாயிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பார்த்தால் ஐம்பது. அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். உன் புருஷனை அடித்துக் கொன்ற வண்டிக்காரன் செங்கோடனைத் தூக்கில் போடப்போகிறார்கள், நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று.

அவள் எழுந்து நின்றாள்.

"செங்கோடன் எங்க அண்ணனுங்க" என்றாள். "கூடப் பொறந்தவரு. கல்யாணமாயி பொண்டாட்டி ஊருப் பக்கம் போயிட்டாரு. அன்னிக்கு இவரு வேலிக்குள்ள போனப்பவே, வேண்டாம் வந்துருன்னு அண்ணன் சத்தம் போட்டாருங்களாம், பாத்த சனம் வந்து சொல்லுச்சு. நானும் ரெண்டு தடவ டேசனுக்கு வந்தனுங்க. அந்தப் போலீசு அடிச்சுத் தொரத்தீட்டாரு."

"உன் புருஷனே சொன்னான். என் காதால் கேட்டேன். வண்டிக்காரன் அடித்தான் என்று" என்றேன்.

"மச்சானை மச்சான்னுதானுங்க சொல்லுவாரு? எதுக்கு வண்டிக்காரன்னு சொல்றாரு? பேரு தெரியாதுங்களா அவருக்கு?"

அந்த நேரத்தில் தூரத்தில் ரயில் ஊதிற்று. அவள் அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "அதா, வண்டி. நாங்க அதைத்தானுங்க வண்டிம்போம். எங்கண்ணனோடது பாரம். பாரம் பூட்டறதும்போம். வண்டிக்காரன்னா அதுல கொடி புடிச்சுட்டு நிப்பானே, அவன்."

கார்டு. கடவுளே, கார்டு. ஸ்டேஷனில் எங்களுக்கு அவர் கார்டு. அதனால் வண்டிக்காரன் என்றால் மாட்டு வண்டிக்காரன் என்று கை தானாக எழுதிவிட்டது. 'கார்ட்மேன்'. தமிழில் எழுதினால் மாட்டு வண்டிக் கார்ட்டுக்கும் ரயில் கார்டுக்கும் ஓர் எழுத்துக்கூட வித்தியாசம் இல்லாத மாதிரி இருக்கிறது. என் இங்கிலீஷில் தீயை வைக்க.

'ம்மா ஆன்' என்றால் மச்சான். உடைந்த தாடையில் நடு எழுத்து வரவில்லை. நீ எழுதினது என் மச்சானைப் பற்றி என்று பதினைந்து நாளாக அவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். நாங்கள் மாடு என்று சிரித்தோம்.

ஆகஸ்டு 23, வியாழன்

விளக்கறையில் சடையன் கிடந்த இடத்தில் நானே படுத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் பானை இடது கைப்பக்கம், தலைமாட்டில். அவன் தூக்கியது வலது கை. வலப்பக்கம் வாசல். வாசலுக்கு நேரே தண்டவாளம். அவன் தண்ணீர் கேட்கவில்லை.

ஸ்டோர் பதிவில் ஏழாம் தேதி ஒரு வரி இருக்கிறது: 'கார்டு ஹார்ட்டன், பிரேக் கட்டை ஒன்று, பழையது வழியில் தவறி விழுந்துவிட்டபடியால்.' தவறி விழுந்ததென்றால் ஆறாம் தேதி எங்களை விட்டுப் போன வழியில்தான் விழுந்திருக்கும். வேகாத வெயிலில் தண்டவாளத்தோடு நடந்தேன். ஒன்றரை மைலில் ஒரு சின்னப் பாலம். கீழே வறண்ட ஓடை, முள்புதர். சட்டை கிழிய இறங்கினேன்.

கிடைத்துவிட்டது. கறுத்த கட்டை, நாலு பட்டை, ஹார்ட்டனுடைய பிரேக் பெட்டியின் நம்பர் சூடுபோட்டுப் பொறித்திருக்கிறது. இரும்புப் பூணின் விளிம்பில் காய்ந்த இரத்தமும் அதில் ஒட்டிய மயிரும். குழியின் அளவை இந்த நோட்டில் வரைந்து வைத்திருந்தால் இப்போது பொருத்திப் பார்த்திருக்கலாம். வேண்டியதில்லை. கண்ணுக்குள் இருக்கிறது.

வேட்டியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சிந்தாமணி என்ன அது என்றாள். நாளைக்குச் செங்கோடன் வெளியே வந்துவிடுவான் என்றேன்.

ஆகஸ்டு 24, வெள்ளி

இது இடது கை எழுத்து.

கட்டையைத் துரையிடம் கொடுத்தேன். எல்லாம் சொன்னேன். எழுந்தார். வெளியே நின்ற என்ஜினுக்குப் போய்க் கட்டையை அடுப்புக்குள் எறிந்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பட்டினிக் கூட்டத்துக்காக ரயில் கம்பெனி ஆளைத் தூக்கில் போடமாட்டார்கள், மொழிபெயர்த்தவன் நீ, கையெழுத்தும் உன்னுடையது என்றார். பக்கிரியைக் கூப்பிட்டார். பக்கிரி என் வலது கையைக் கதவிடுக்கில் வைத்து, கதவை உதைத்துச் சாத்தினான். இரண்டு தரம்.

மூன்று விரல். எழுதுகிற மூன்றும்.

ஆகஸ்டு 28, செவ்வாய்

காய்ச்சல். சிந்தாமணி கஞ்சி ஊட்டினாள். கேஸ் செப்டம்பர் பத்தாம் தேதி.

செப்டம்பர் 9, ஞாயிறு

இப்போது இடது கை கொஞ்சம் பழகிவிட்டது. உட்கார்ந்து யோசித்தேன்.

கட்டை சாம்பல். விளக்கறையில் கூட இருந்தவர்களுக்குத் தமிழ் வராது, அல்லது துரைக்குப் பயம். நாளைக்குக் கூண்டில் ஏறி, சடையன் சொன்னது வேறு என்று நான் சொன்னால், விரல் முறிந்த கோபத்தில் மாற்றிப் பேசுகிறான் என்பார்கள். 'வண்டிக்காரன்' என்று அவன் சொன்ன அன்றைக்கே, எதுவும் தெரிவதற்கு முன்பே, தமிழில் எழுதி வைத்திருப்பது உலகத்தில் ஒரே இடத்தில்தான். இந்த நோட்டின் ஆறாம் தேதித் தாளில்.

அந்தத் தாளை மட்டும் கிழித்துக் கொடுத்துவிடலாம் என்று கத்தியை வைத்தேன். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஏழாம் தேதி.

'யாரோ மணிக்கட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது' என்று எழுதியிருக்கிறேன். ஒரு மாதமாக அந்த யாரோவை நானும் திரும்பிப் பார்க்கவில்லை. பிடித்தது நான். மயங்கிக் கிடந்தவனின் கையை எடுத்து, மையில் தோய்த்து, அவன் செய்யாத கொலைக்கு அவனையே கைநாட்டு வைக்கவைத்தேன். அந்த மகஜரில் என் எழுத்தும் இருக்கிறது. இந்த நோட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வேலை போகும். நாலைந்து வருஷம் உள்ளேயும் போவேன். பிரசவத்துக்கு இன்னும் மாதம் ஒன்றே. வெளியே வேலிக்கு அப்பால் நிற்கிற கூட்டத்தில் போய் சிந்தாமணி நிற்கவேண்டியதுதான்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். ஹார்ட்டன் கை கழுவின இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"அன்னிக்கே அவர் கை கழுவினதைப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். குழாயடியில் ஓடின தண்ணீர் சிவப்பாக இருந்தது என்றும் சொன்னேன். அதை இந்த நோட்டில்கூட நான் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

பிறகு கேட்டேன், பின்பக்கத்தில் மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டால் என்ன, நான் பிடித்தது யாருக்குத் தெரியும் என்று.

"பிடிச்ச கைக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியாதா?" என்றாள். "அந்த ஆளு அரை மயக்கத்துலதானே இருந்தாரு? முழு மயக்கம் இல்லியே."

அது எனக்கு இதுவரை தோன்றவில்லை. சப் ஜெயிலில் கம்பியருகே வந்து, பக்கிரியை விட்டுவிட்டு என்னை மட்டும் பார்த்து அவன் ஏன் பேசினான் என்று இப்போது தெரிகிறது. அழுதேன். அவளும் அழுதாள். பிறகு எழுந்து, நாளைக்கு உடுத்திப்போக வேட்டியை அலசிப் போட்டாள்.

செப்டம்பர் 10, திங்கள். கோர்ட்டு வராந்தா

இன்னும் கூப்பிடவில்லை. செங்கோடனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். தாடை கோணலாகவே கூடிவிட்டது. என் விரல்களைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

துரையும் ஹார்ட்டனும் புளிய மரத்தடியில் சுருட்டுப் பிடிக்கிறார்கள். பக்கிரி என் பின்னாலேயே நிற்கிறான். நான் ஏதோ கணக்கெழுதுகிறேன் என்று நினைப்பான்.

இந்த நோட்டு முழுசாக ஜட்ஜ் துரையிடம் போகிறது. அவருக்குத் தமிழ் தெரியாதாம். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இதை இங்கிலீஷில் வாசிக்கப் போகிறார். ஆகையால் இந்தக் கடைசி வரிகள் அவருக்கு.

ஐயா, நீங்களும் என்னைப் போலப் படித்தவராகத்தான் இருப்பீர்கள். ஆறாம் தேதித் தாளின் பின்பக்கத்தில் யாரோ என்று இருக்கும் இடத்தில் ரைட்டர் தெய்வநாயகம் என்று வாசியுங்கள். அந்தத் தாளின் முன்பக்கத்தில் செத்துப்போனவன் சொன்ன சொல் ஒன்று இருக்கிறது. எனக்கு வந்த மாதிரி உங்களுக்கும் அதற்கு இங்கிலீஷ் சட்டென்று வரும். தயவுசெய்து அதை மொழிபெயர்க்காதீர்கள். அப்படியே வாசியுங்கள். அர்த்தம் என்ன என்று ஜட்ஜ் துரை கேட்டால், பாவாயி வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.